ஏறுது, சரி. பொருந்துதா? டொயோட்டா 86-இன் சக்கரங்களை முன்வைத்து

அலாய் வீல் சந்தையில் எல்லாக் கேள்விக்கும் ஒரே சொல்தான் பதில்: ஃபிட்மென்ட். "இந்த வீல் இந்தக் காருக்கு ஃபிட் ஆகும்" என்று ஒரு அட்டவணை சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அப்புறம் கலர் என்ன, விலை என்ன என்ற பேச்சுதான். தமிழில் யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருப்பது தெரியும். ஒன்று ஏறுவது. இன்னொன்று பொருந்துவது. அண்ணன் சட்டை தம்பிக்கு ஏறும். பொருந்துமா என்பது வேறு கேள்வி.

என் விமர்சனம் இதுதான்: ஃபிட்மென்ட் அட்டவணைகளும், அவற்றோடு வரும் பளபள புகைப்படங்களும் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கின்றன. வாங்குகிறவரோ இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் இதற்கு நேரான ஒரு தப்பு உண்டு. கம்பைல் ஆகிவிட்டது, அதனால் புரோகிராம் சரி என்று நினைப்பது.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன்: 2012-இல் வந்த டொயோட்டா 86. சுபாரு பிஆர்ஸெட் என்பதும் அதே கார்தான். அமெரிக்காவில் ஆரம்பத்தில் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றார்கள். இந்தக் காரை எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. இதன் டயர் விஷயத்தில் தயாரித்தவர்கள் தெரிந்தே ஒரு முடிவு எடுத்தார்கள், அதை வெளிப்படையாகப் பேசவும் செய்தார்கள்.

தொழிற்சாலை எடுத்த முடிவு

2 லிட்டர், நாலு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின், 200 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், எடை ஏறக்குறைய 1,240 கிலோ. பெயர் ஸ்போர்ட்ஸ் கூப்பே. இப்படிப்பட்ட காருக்கு என்ன டயர் போடுவார்கள் என்று எதிர்பார்ப்போம்? வந்தது 215/45 ஆர் 17 அளவில் மிஷலின் பிரைமசி ஹெச்பி. அமைதியாக, சிக்கனமாக, நீண்ட நாள் ஓடுவதற்கான டயர். சில சந்தைகளில் பிரியஸ் ஹைப்ரிட் காருக்கும் இதே டயர் கொடுக்கப்பட்டதால் "பிரியஸ் டயர்" என்ற கேலிப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரிம் 17×7 அங்குலம், ஆஃப்செட் +48.

தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா இந்தக் காருக்கு வைத்த நிபந்தனைகள் மூன்று: டர்போ வேண்டாம், நாலு சக்கர ஓட்டம் வேண்டாம், அதிகப் பிடிப்புள்ள டயர் வேண்டாம். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். பிடிப்பு குறைவான டயர் என்றால் கார் தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே தொடும். தொடும்போது திடீரென்று விடாது, மெல்ல வழுக்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் மூக்கு உள்ளே வரும், அழுத்தினால் பின்பக்கம் வெளியே போகும். 200 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஓட்டுநர் இதையெல்லாம் உணர வேண்டுமானால் டயர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஸ்பிரிங், டாம்பர், ஸ்டீயரிங் எல்லாம் அந்தக் கணக்கோடு சேர்த்து டியூன் செய்யப்பட்டவை.

இதை வைத்து "கம்பெனி போட்டதே வேதம், கை வைக்காதே" என்று நான் சொல்ல வரவில்லை. அதே கம்பெனி ஜப்பானில் ஆர்சி என்ற அடிப்படை மாடலையும் விற்றது: 16 அங்குல இரும்பு ரிம், 205/55 டயர், பெயின்ட் அடிக்காத பம்பர். வாங்குகிறவர் எப்படியும் மாற்றப் போகிறார், நாம் எதற்கு அழகு படுத்தணும் என்ற எண்ணம். ஆக, மாற்றுவது இந்தக் காரின் திட்டத்திலேயே இருக்கிறது. எதற்காக மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஏறுவதற்கான எண்கள்

அட்டவணைகள் நன்றாகச் சொல்லும் பகுதி இது, சுருக்கமாகவே முடிக்கிறேன். ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., அதாவது 5×100. நடுத்துளை 56.1 மி.மீ. நட்டு 12 மி.மீ., மரையின் பிட்ச் 1.25. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்க. மூக்கில் டொயோட்டா முத்திரை இருந்தாலும் மரை சுபாரு மரை. டொயோட்டாவின் வழக்கமான 1.5 பிட்ச் நட்டை "டொயோட்டாதானே" என்று ஏற்றினால் ஸ்டட் கெட்டுப்போகும்.

வெளிச்சந்தை வீல்கள் பல கார்களுக்குப் பொதுவாகச் செய்யப்படுவதால் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ. இருக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடுவார்கள். அந்த வளையம் காரின் எடையைத் தாங்குகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தாங்குவது நட்டுகளின் இறுக்கத்தால் வீலுக்கும் ஹப்புக்கும் இடையே வரும் உராய்வு. வளையத்தின் வேலை, நட்டு இறுக்கும்போது வீல் சரியாக நடுவில் உட்கார உதவுவது. அது இல்லாவிட்டால் வீல் ஒரு நூலிழை விலகி உட்கார வாய்ப்புண்டு, வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

ஆஃப்செட்: எல்லோரும் சொல்வார்கள், சிலரே கணக்குப் போடுவார்கள்

ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். கணக்கு சின்னது. அகலம் கூடியதில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போகும். ஆஃப்செட் குறைந்த அளவை வெளிப்பக்கம் கூட்டு, உள்பக்கம் கழி.

17×8, +45 எடுத்துக்கொள்வோம். அகலம் ஒரு அங்குலம் கூடியிருக்கிறது, பாதி 12.7 மி.மீ. ஆஃப்செட் 3 குறைவு. வெளியே 15.7, உள்ளே 9.7 மி.மீ. சாதுவான மாற்றம்.

புகைப்படங்களில் அடிக்கடி பார்க்கும் 18×9.5, +40? அகலத்தில் பாதி 31.75. ஆஃப்செட் 8 குறைவு. வெளியே ஏறக்குறைய 40 மி.மீ., உள்ளே 24 மி.மீ. இந்தக் காரின் முன்பக்கம் மெக்ஃபர்ஸன் ஸ்ட்ரட். அந்தத் தூண் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் உள்ளே வரும் 24 மி.மீ. அதைத் தேடித்தான் போகிறது. வெளியே போகும் 40 மி.மீ. ஃபெண்டர் விளிம்பைத் தேடிப் போகிறது. "ஏறும்" என்று அட்டவணை சொல்லும். எப்படி ஏறும் என்றால், ஃபெண்டரின் உள்விளிம்பை மடித்து, காரைத் தாழ்த்தி, சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து. சாய்த்தால் நேர்ப்பாதையில் டயரின் உள்விளிம்பு அதிகம் தேயும், பிரேக் போடும்போது தரையைத் தொடும் பரப்பு சீராக இருக்காது. இதெல்லாம் "சிறு மாற்றங்கள் தேவைப்படலாம்" என்ற ஒரு அடிக்குறிப்புக்குள் அடங்கிவிடுகிறது. மென்பொருளில் இப்படி ஒரு அடிக்குறிப்பு போட்டு ரிலீஸ் செய்தால் சும்மா விடுவார்களா?

உரசல் இல்லாவிட்டாலும் இன்னொரு விலை இருக்கு. ஸ்டீயரிங் திரும்பும் அச்சைத் தரை வரைக்கும் நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் நடுவுக்கும் உள்ள இடைவெளியைப் பொறியாளர்கள் மி.மீ. கணக்கில் தீர்மானிக்கிறார்கள். அகலத்தை மட்டும் கூட்டினால் நடு நகராது. ஆஃப்செட்டைக் குறைத்தால் அந்த அளவுக்கு வெளியே நகரும். ஸ்பேஸர் போட்டால் இன்னும் நகரும். நகர்ந்தால் பள்ளத்தில் ஒரு சக்கரம் விழும்போதோ, ஒரு பக்கம் மட்டும் ஈரமான சாலையில் பிரேக் போடும்போதோ ஸ்டீயரிங் கையை இழுக்கும் விதம் மாறும். இந்தக் காரை வாங்குவதே ஸ்டீயரிங் உணர்வுக்காக. அதைத்தான் முதலில் விலையாகக் கொடுக்கிறோம்.

விட்டமும் பக்கச்சுவரும்

215/45 ஆர் 17: பக்கச்சுவர் உயரம் 97 மி.மீ., மொத்த விட்டம் 625 மி.மீ. 18 அங்குலத்துக்கு ஏறும்போது பலர் எடுப்பது 225/40. விட்டம் 637, ஏறக்குறைய 2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் முன்பு 100 காட்டிய இடத்தில் கார் இப்போது 102 ஓடும். பெரிய விஷயமில்லைதான். ஆனால் ஒவ்வொரு கியரும் 2 சதவீதம் நீண்டுவிட்டது. இந்த இன்ஜினுக்கு 3,500 முதல் 4,500 சுற்று வரை இழுவையில் ஒரு பள்ளம் இருப்பது ஊரறிந்த குறை. அந்தப் பள்ளத்தில் நிற்கும் காருக்கு நீண்ட கியர் உதவாது. 215/40 ஆர் 18 என்றால் விட்டம் 629, பிரச்சினையே இல்லை. 19 அங்குலத்தில் 215/35 போட்டால் விட்டம் 633-க்குள் அடங்கும், ஆனால் பக்கச்சுவர் 75 மி.மீ. ஆகிவிடும். 97-இலிருந்து 75. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. மிச்ச அடியை ரிம் வாங்கும்.

நான் சமரசம் செய்யாத இடம் ஒன்று உண்டு. அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டும் பழக்கம். 215/45 ஆர் 17 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7 முதல் 8 அங்குலம். அந்த அகல டயரை 9.5 அங்குல ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் சரிந்து நிற்கும், ஃபெண்டருக்குள் அழகாக நுழையும். டயரின் விளிம்பு ரிம்மைக் கவ்வியிருப்பது காற்றழுத்தத்தாலும் சரியான கோணத்தாலும்தான். கோணத்தை இழந்த டயர் ஒரு பள்ளத்தில், ஒரு கூர்மையான திருப்பத்தில் ரிம்மிலிருந்து கழன்றுவிட முடியும். அந்த நேரத்தில் எதிரே வருகிறவர் இந்த ரசனைக்குச் சம்மதம் தந்தவர் இல்லை. சுமைக் குறியீடும் அப்படியே. 87 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். அதற்குக் கீழே இறங்கும்போது கணக்குப் பார்த்து இறங்கணும்.

எடை பற்றிய புராணம்

"சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்து கிலோ குறைத்ததற்குச் சமம்" என்ற வாசகம் விற்பனைப் பக்கங்களில் சுற்றுகிறது. சிலர் நாலு என்பார்கள், சிலர் எட்டு. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். உருளும் சக்கரத்தில் ஒரு கிலோ இருந்தால், அது காரோடு முன்னே போகவும் ஆற்றல் வேண்டும், சுழலவும் வேண்டும். சுழற்சிக்கான கூடுதல் பங்கு, அந்த எடை இருக்கும் ஆரத்தை டயரின் ஆரத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கம். ரிம்மின் விளிம்பு சுமார் 21 செ.மீ., டயர் சுமார் 31 செ.மீ. என்றால் கூடுதல் 0.46. ஆக அந்த ஒரு கிலோ வேகமெடுப்பில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ மாதிரி நடந்துகொள்ளும். டயரின் வெளித்தோலிலேயே இருந்தாலும் இரண்டைத் தாண்டாது. எந்தக் கார் சக்கரத்திலும் தாண்ட முடியாது, ஏனென்றால் டயரின் ஆரத்துக்கு வெளியே எடை இருக்க இடமில்லை.

வீலுக்கு 3 கிலோ என்று நாலு வீலிலும் கூடினால் 12 கிலோ, வேகமெடுப்பில் 18 கிலோ மாதிரி. 1,240 கிலோ காரில் ஒன்றரை சதவீதம். அப்படியானால் எடை முக்கியமில்லையா? முக்கியம்தான், வேறு காரணத்துக்காக. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், மேடுபள்ளத்தில் டயரைத் தரையோடு ஒட்டவைக்க டாம்பர் படும் பாடு கூடும். கரடுமுரடான திருப்பத்தில் கார் தத்தும். அது நேர்க்கோட்டு ஓட்டத்தில் தெரியாது, ஸ்டாப் வாட்சிலும் எளிதில் அகப்படாது. பத்து கிலோ கதை செய்யும் கெடுதல் என்னவென்றால், உண்மையான காரணத்தை மறைத்துவிட்டு ஒரு கவர்ச்சியான எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறது.

ரேஸ் நிறுவனத்தின் டிஇ37 மாதிரியான ஃபோர்ஜ்டு வீல்களின் பெருமை எடையும் வலிமையும் சேர்ந்து கிடைப்பதில் இருக்கிறது. அந்த ஆறு கை வடிவத்தை மட்டும் நகலெடுத்து வார்ப்பில் செய்த வீல்கள் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வடிவம் நகலாகும், உலோகம் நகலாகாது. வார்ப்பு வீல் வாங்கக்கூடாது என்பதில்லை. நல்ல வார்ப்பு வீல் தாராளமாகப் போதும். ஆனால் சோதனைக்கு உட்பட்டதா, எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது வேறு. ஜப்பானிய வீல்களில் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளை இதற்காகத்தான் தேடச் சொல்கிறார்கள்.

நின்ற காரின் அழகு

இப்போது புகைப்படங்களுக்கு வருவோம். ஃபெண்டர் விளிம்போடு டயர் ஒட்டி நிற்கும் அந்தப் படங்கள் அழகாக இருப்பதை நான் மறுக்கவில்லை. தொழிற்சாலை வீல் உள்வாங்கி, கொஞ்சம் சவலைப் பிள்ளை மாதிரி நிற்பதும் உண்மை. அழகு ஒரு நியாயமான காரணம். சாலையில் ஓடும் கார் சாலையில் இருப்பவர்களுக்கும் ஒரு காட்சிதானே.

என் புகார், அந்தப் படங்களில் கார் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது என்பதே. ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பியிருக்காது. பின்சீட்டில் ஆள் இல்லை. மழை இல்லை. ஸ்பிரிங் அமுங்கவில்லை. ஒரே ஒரு நிலையில், அதுவும் மிக எளிய நிலையில், சோதித்துவிட்டு "டெஸ்ட் பாஸ்" என்று எழுதுகிற மாதிரி. சட்டங்கள் இந்த விஷயத்தில் படங்களைவிட நுணுக்கமாக யோசிக்கின்றன. ஜப்பானில் 2017-இல் விதி திருத்தப்பட்டபோது, அச்சுக்கு நேர் மேலே இருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரையிலான வளைவில் டயர் 10 மி.மீ.-க்குள் வெளியே புடைத்திருக்கலாம் என்று அனுமதித்தார்கள். அந்தச் சலுகை டயரின் புடைப்புக்குத்தான், ரிம்முக்கு இல்லை.

எதிர்வாதம் பலமானதுதான்

"பிடிப்பு குறைவான டயரில் வழுக்கி மகிழ்வது ரேஸ் டிராக்கில் சரி. பொதுச்சாலையில் குழந்தை குறுக்கே ஓடினால் எனக்கு வேண்டியது பிடிப்பு." இந்த வாதத்துக்கு முன்னால் டாடாவின் தத்துவம் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் நிற்கணும். பிரைமசியை விடச் சிறந்த டயர் போட்டால் நிறுத்தும் தூரம் குறையும். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் பிடிப்பைக் கூட்ட இரண்டு வழி இருக்கு: ரப்பரை மாற்றலாம், அல்லது அகலத்தைக் கூட்டலாம். சந்தை இரண்டாவதையே விற்கிறது, ஏனென்றால் அது வீலோடு சேர்ந்து விற்கும், படத்திலும் தெரியும். ரப்பரின் தரம் படத்தில் தெரியாது. தேங்கிய மழைநீரிலோ அகல டயர் குறுகிய டயரை விடச் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும்.

தொழிற்சாலையே பின்னால் என்ன செய்தது பாருங்க. இரண்டாம் தலைமுறை ஜிஆர்86-இல் இன்ஜின் 2.4 லிட்டரானது, திறன் கூடியது. 18 அங்குல வீல் கொடுத்த மாடல்களுக்கு 215/40 அளவில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 வந்தது. ரிம் 7.5 அங்குலம், ஆஃப்செட் அதே +48. ரப்பரை நன்றாக மாற்றினார்கள். அகலத்தை 215-லேயே விட்டார்கள். பிடிப்பு வேண்டும் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டு, காரின் இயல்பையும் காப்பாற்றிய முடிவு அது. முதல் தலைமுறை வைத்திருப்பவருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது.

டிராக்கில் நேரத்தைத் துரத்துகிறவர் கதை வேறு. அவர் 17×9 ரிம்மில் 245/40 போடுகிறார் என்றால் அது பொருத்தமான தேர்வு. விட்டம் 628, கியர் கணக்கு கெடவில்லை. அகல ரப்பர் வெப்பத்தைத் தாங்கும். அவர் கூடவே பிரேக் பேட், ஆயில் கூலர், அலைன்மென்ட் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார். அந்த வீலை மட்டும் எடுத்துத் தினசரி ஆபீஸ் போகும் காரில் மாட்டுவதைத்தான் நான் ஏறுதல் என்கிறேன்.

வரிசையை மாற்றுங்கள்

படம் பார்த்து வீல், வீலுக்கு ஏற்ப டயர், டயர் உரசாமல் இருக்க சஸ்பென்ஷன் என்று போகிறது சந்தையின் வரிசை. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் தப்பைச் சரிசெய்யவே காசு போகிறது.

நேர்மாறாகப் போகலாம். கார் எங்கே, எந்த மாதிரி சாலையில், மழையில் எத்தனை மாதம் ஓடும் என்பது முதலில். அதற்கேற்ற டயர் எது, எந்த அளவில் அது கிடைக்கிறது என்பது இரண்டாவது. தொழிற்சாலை விட்டத்திலிருந்து ஒன்று ஒன்றரை சதவீதத்துக்குள் நிற்பது மூன்றாவது. அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட அகலத்தின் நடுவில் ஒரு ரிம், +48-க்குப் பக்கத்தில் ஒரு ஆஃப்செட், தொழிற்சாலை வீலை விடக் கூடாத எடை. இத்தனையும் முடிந்த பிறகு மிஞ்சும் வீல்களில் எது அழகோ அதை எடுங்க. இந்தக் காருக்கு அப்படிப் பார்த்தால் 17 அங்குலத்தில் 7.5 அல்லது 8 அகலம், +45 சுற்றுவட்டாரம், 215 அல்லது 225 அகலத்தில் நல்ல ரப்பர் என்று வந்து நிற்கும். அந்த வட்டத்துக்குள்ளேயே அழகான வீல்கள் நிறைய இருக்கு.

இன்னொன்று. உங்களிடம் இருக்கும் பணம் நாலு நல்ல டயருக்குத்தான் போதும் என்றால், பழைய ரிம்மிலேயே அவற்றை மாட்டி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க. அதற்குப் பிறகும் வீல் மாற்றணும் என்று தோன்றினால், அது எதற்காக என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.